ஷெரினுக்கு மூச்சுத் திரும்பியது

செபக் கூட்டத்து உறவுகளே, எழும்பி நின்று கதைக்க எனக்கு வெட்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துவிடுங்கள்.

போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் ஜெசிந்தாவின் கையில் ஒரு பிள்ளை செத்துப்போகப் பார்த்தது.

ஜெசிந்தா பிள்ளைகளுக்குப் போட்டி நீச்சல் பழக்குகிறவள். எங்கள் பக்கம் நீச்சல் தடாகம் கிடையாது. கடலை ஒட்டின களப்பில் கயிறு இழுத்து, வலை மிதப்புகளைக் கட்டி, அதற்குள்தான் நீந்த விடுவாள். அப்படிப் பழகின பிள்ளைகள் கொழும்பில் பதக்கம் எடுத்தார்கள். கலியாணமே வேண்டாம் என்று இருந்தவளுக்கு அந்தப் பிள்ளைகள்தான் எல்லாம்.

அதில் கெட்டிக்காரி ஷெரின். தகப்பன் சங்கு குளிக்கிறவர். எங்கள் ஆட்கள் கடலுக்குள் இறங்க முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள். கீழே கனநேரம் நிற்கலாம் என்று. பிள்ளை அதைப் பார்த்துப் பழகி, களப்பிலும் செய்யத் தொடங்கினாள். தலையே தூக்காமல் தண்ணீருக்கடியில் போவாள். மற்றப் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஜெசிந்தா ஷெரினின் வீட்டுக்கே போனாள். "அண்ணே, அது கூடாது. உள்ளுக்க மயங்கிப் போவா."

அவர் சிரித்தார். "நாங்க பரம்பரையா இப்பிடித்தான் மிஸ்."

பெண்சாதி உள்ளேயிருந்து, "மிஸ்ஸுக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியாது போல" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஜெசிந்தா ஒரு சின்னவளுக்குக் கால் அடிக்கக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பினால் ஷெரினைக் காணவில்லை. தண்ணீர் கலங்கல். அடி தெரியாது. தடவித் தடவித்தான் தூக்கினாள். உதடு நீலம். வாயில் ஊதினாள், நெஞ்சை அமத்தினாள். நாடி வந்தது. ஆஸ்பத்திரியில் மெஷின்தான் பிள்ளைக்கு மூச்சு விட்டது. டொக்டர் ஒரு வாக்கும் தரவில்லை.

பின்னேரமே எங்கள் வாசலில் சனம். "பதக்க ஆசையில பிள்ளையைத் திண்டவள்!" ஜெசிந்தா சாப்பிடவில்லை. "அம்மா, அவ இல்லையெண்டா நானும் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டுக்கு வெளியே நிலத்தில் இருந்தேன். ஷெரினின் தாய் கண்டுவிட்டாள். "என்னத்துக்கு வந்தனீங்க? செத்திட்டாளோ எண்டு பாக்கவோ?"

நான் செபமாலையை எடுத்தேன். ஒவ்வொரு மணியிலும் செபம் பாதியில் நின்றுபோகும். கடைசியில் சொந்தச் சொல்லிலேயே கேட்டேன். "அன்னம்மா தாயே, நீயும் மாதாவை, ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவ. அந்தப் பிள்ளைக்கு மூச்சைக் கேட்டுக் குடு. என்ர பிள்ளைக்கும் கேட்டுக் குடு."

இரண்டாம் நாளும் போனேன். அவள் ஏசவில்லை. வந்து பக்கத்தில் இருந்தாள். "எனக்கு வாய் வருகுதில்ல அக்கா. நீங்க சொல்லுங்க" என்று செபமாலையின் மற்றத் தொங்கலைப் பிடித்தாள். நான் தொடங்க, செபம் நின்ற இடத்தில் அவள் பிடித்துக்கொண்டாள். அப்படி மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நேர்ஸ் வெளியே வந்து, "மகள் தானா மூச்செடுக்கிறா" என்றாள்.

தகப்பன் ஊருக்கு வந்து கோயில் வாசலில் எல்லாருக்கும் சொன்னார்: "மிஸ் வேண்டாமெண்டுதான் சொன்னவ. பிள்ளை என்னைப் பாத்துத்தான் செய்தது." அதோடு என் மகள் ஒரு வாய் சோறு சாப்பிட்டாள்.

எல்லாம் பழையபடி ஆனது என்று பொய் சொல்லமாட்டேன். ஷெரினுக்கு வலது கை இன்னும் சரியில்லை. சொல் தேடித் தேடித்தான் கதைக்கிறாள். இனி போட்டிக்கு நீந்தமாட்டாள். அரைவாசிப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஆனால் அவள் இருக்கிறாள். என் மகளும் இருக்கிறாள். இப்போது அந்தத் தகப்பன் தன் இளைய மகளைக் கூட்டிவந்து விட்டு, பழக்கம் முடியும் வரை இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, உங்கள் செபம் பாதியில் நின்றால் வெட்கப்படாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் உங்களை ஏசினவராய் இருந்தாலும் மிச்சத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஆண்டவர் இரண்டு பாதியையும் சேர்த்துக் கேட்பார்.