இடது பக்கத்து முதலை

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தன்னாமுனையில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே மட்டக்களப்பு வாவியில் மீன் பிடித்தவன். தண்ணீரில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நீங்கள் நம்பாவிட்டாலும் குறை இல்லை. ஆனால் இதைச் சொல்வதென்றால் முதலில் நான் செய்த அசிங்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

சுனாமி வந்த காலை நாவலடிக்கு எதிரே வாவிக்குள் தோணியில் இருந்தேன். நாவலடி என்பது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுக்கமான மணல், அவ்வளவுதான். என் மனைவி செலினின் தங்கை றீற்றா அங்கேதான் குடியிருந்தாள். கடல் அந்த மணலைத் தாண்டி வந்து வீடு, மரம், சனம் எல்லாவற்றையும் வழித்து வாவிக்குள் தள்ளியது. அந்தக் குப்பைக்குள் இருந்து றீற்றா வந்து தோணியின் இடது விளிம்பைப் பிடித்தாள்.

"அத்தான், தூக்குங்க அத்தான்" என்றாள்.

தோணி சரிந்தது. எனக்கு என்ன பிடித்ததோ, துடுப்பை எடுத்து அவள் விரல்களில் அடித்தேன். மூன்று தரம். மூன்றாவது அடிக்குத்தான் கையை விட்டாள். தோணியில் நான் மட்டும்தான் இருந்தேன், இன்னும் நான்கு பேருக்கு இடம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செலினிடம் நான் அவளைக் காணவே இல்லை என்றேன். சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காததால் செலின் அழுது முடிக்கவில்லை. வாகரை அகதி முகாமில் றீற்றாவைப் போல ஒருத்தியைக் கண்டதாக யாரோ சொன்னார்கள், பிறகு அவள் வன்னிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வன்னியில் சண்டை முடிந்ததும் செலின் என்னையும் இழுத்துக்கொண்டு வவுனியா முகாமுக்குப் போனாள். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற சனத்துக்கு றீற்றாவின் படத்தைத் தூக்கிக் காட்டி, "இந்தப் புள்ளையக் கண்டீங்களா?" என்று கேட்டவன் நான். என் கையால் செத்தவளின் படத்தை என் கையால்தான் காட்டினேன். செலின் களைத்துப்போய் உட்காரும்போது தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

சண்டை முடிந்த பிறகு கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் பறவை பார்க்க வரத் தொடங்கினார்கள். வலையை விட்டுவிட்டு அவர்களைத் தோணியில் ஏற்றினேன். கூழைக்கடா, நீர்க்காகம், நாரை எல்லாம் கூட்டமாக இருக்கும் கண்டல் மரத் திட்டு நாவலடிக்கு எதிரேதான். அந்தப் பக்கம் போகப் பயந்தேன். ஆனால் எல்லோரும் அங்கேதான் போகச் சொன்னார்கள்.

முதல் பயணத்திலேயே முதலை வந்தது. வாவியில் முதலை புதினமில்லை, ஆள் சத்தம் கேட்டால் தாழ்ந்துவிடும். இது தாழவில்லை. தோணியின் இடது பக்கம், ஒரு முழத் தூரத்தில் வந்து நின்று என்னையே பார்த்தது. வந்தவர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். அடுத்த முறையும் வந்தது. அதற்கடுத்த முறையும். நான் ஒரு துண்டு மீன் போட்டதில்லை, சத்தியமாக. பக்கத்துத் தோணிக்கார ஞானம் அதே இடத்தில் பாதி நாள் நின்று பார்த்தான், அவனுக்கு வரவில்லை.

"என்ன மருந்து வச்சிரிக்காய் மச்சான்? உன்ர தோணிக்கு மட்டும் வருது" என்றான். வந்தவர்கள் எல்லோரும் என் தோணியையே தேடி வந்தார்கள். அந்த முதலை எனக்குச் சோறு போட்டது. நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன்.

ஒரு நாள் காலை கொழும்பிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஆண்கள் இருவரோடு ஒரே பெண்ணாக வரக் கூச்சப்பட்டதால் துணைக்கு செலினை ஏற்றினேன். முதலையைப் பற்றி வீட்டில் சொன்னதே இல்லை. அவள் போய் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

நல்ல வெயில். திட்டை நெருங்கும்போது முதலை வந்தது. அன்று முழத் தூரத்தில் நிற்கவில்லை. ஒட்டி வந்து முன்னங்காலைத் தூக்கித் தோணி விளிம்பில் வைத்தது. நகங்கள் மரத்தில் பதிந்தன. தோணி சரிந்தது. கொழும்புக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் துடுப்பைத் தூக்கினேன்.

"அடிக்காதீங்க" என்றாள் செலின். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் காலின் மேல் தன் கையை வைத்து, பக்கத்து அறையில் இருந்து கூப்பிட்டவளுக்குப் பதில் சொல்வது போல, "என்னடி?" என்றாள். பிறகு குனிந்து, காதைத் தண்ணீர்ப் பக்கம் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தம்பதிக்கும் கேட்கவில்லை, பிறகு விசாரித்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலை காலை எடுத்துக்கொண்டு அமிழ்ந்தது. அப்போதுதான் செலின் என் பக்கம் திரும்பினாள்.

"மூண்டு தரமா?"

அவ்வளவுதான் கேட்டாள். தலையை ஆட்டினேன். அவளும் ஓம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, கொழும்புக்காரிக்குக் கூழைக்கடாவைக் காட்டத் தொடங்கினாள்.

அன்று இரவு என்னைக் கொல்லுவாள் என்று காத்திருந்தேன். கத்தட்டும், காறித் துப்பட்டும், பொலிசுக்குப் போகட்டும் என்று இருந்தேன். ஒன்றுமில்லை. என்னோடு நன்றாகவே பேசினாள். அழுகையை விட்டுவிட்டாள். படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். யாரிடமும் போய் றீற்றாவைக் கண்டீர்களா என்று கேட்கவில்லை.

முதலை அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. வேறு யாருக்கும் வந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் துடுப்பே பிடிக்கத் தெரியாத செலின் இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் தனியாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். மத்தியானம் முழங்கை வரை நனைந்து, சிரித்த முகத்தோடு திரும்பி வருகிறாள். அந்த முகத்தைக் கலியாணமான புதிதில் பார்த்தது. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்காருவாள்.

"உங்களையும் ஒருக்கா வரட்டாம்" என்பாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இன்றைக்கு உடம்பு சரியில்லை என்பேன்.

"அவசரமில்லையாம்" என்பாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "அவள் நிக்கிறாளாம்."