மேடில்லாத ஊருக்குப் போன கண்ணாயி

கண்ணாயி என் தங்கை. எனக்கும் அவளுக்கும் நடுவில் சின்னுசாமி என்று ஒரு தம்பி. மலையில் எங்கள் ஊர் வாசலூர்பட்டி. கண்ணாயியும் அவள் வீட்டுக்காரர் பொன்னனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிச் சிலோனுக்குப் போய், நாலு நாள் சும்மா ஓட்டிவிட்டு வந்தார்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு எட்டொன்பது வருஷம் முந்தி, ஒரு தை மாதம். நான் கூடப் போகவில்லை. புறப்படும்வரை நடந்ததை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லிக் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போனதைத்தான் சொல்கிறேன். ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு, அது வரும்போது அதையும் சொல்வேன்.

பதினேழு வயதில் கண்ணாயி மிளகு பறிக்கும்போது விழுந்தாள். பலாமரத்தில் ஏற்றிவிட்ட கொடி. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறுவோம், அந்த மூங்கில் சுழன்றுவிட்டது. இடது முழங்கால் போனது. தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் சுமந்து, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறக்கினோம். எலும்பு கூடிவிட்டது. முழங்கால் மட்டும் அதன்பிறகு மடங்கவே இல்லை, உலக்கை மாதிரி நீட்டியபடி நின்றுவிட்டது.

சமதரையில் அவள் ஊன்றி ஊன்றி நடந்துவிடுவாள். எங்கள் மலையில் சமதரைக்கு எங்கே போவது? வயலுக்குப் போனால் இறக்கம், தண்ணீருக்குப் போனால் ஏற்றம். அதனால் யாராவது தூக்குவார்கள். உன்னைத் தூக்கட்டுமா என்று யாரும் கேட்டதில்லை. மூட்டையைத் தோளில் போடுவதுபோல, வேறு கதை பேசிக்கொண்டே தூக்கிவிடுவார்கள். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, எழவுக்கு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வந்தாள். தூளிக் கண்ணாயி என்று பெயரே வைத்தார்கள். நானும் தூக்கியிருக்கிறேன். இறக்கிவிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவ்வளவு சுமக்கிறோம், ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று அப்போது எனக்கு அவள்மேல் மனத்தாங்கல் உண்டு.

பொன்னனும் மலைக்காரர்தான், இன்னொரு பக்கத்துத் திண்ணனூர் நாட்டுக்காரர். சின்ன வயதிலேயே இறங்கிப்போய்க் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கட்டி ஒரு வருஷம் கழித்து, இரண்டு சாக்குகளில் எதையோ கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். அப்போது மலைக்கு ஒற்றையடிப் பாதைதான், பஸ் எல்லாம் கிடையாது. சின்னுசாமி சாக்கைத் தட்டிப் பார்த்தான்.

"என்னங்க மாப்பிள்ளை, இரும்பாட்டம் இருக்குது?"

"சைக்கிளுங்க. கழட்டிக் கொண்டாந்திருக்கேன்."

"அப்ப ரோடு?"

"அது அடுத்த நடையில வருதுங்க."

குறுக்குக் கம்பி இல்லாத, பெண்கள் ஓட்டுகிற பழைய சைக்கிள். அதைப் பூட்டி, இடது பக்கத்துப் பெடலை எடுத்துவிட்டு, அங்கே நீட்டிய காலை வைத்துக்கொள்ள ஒரு இரும்புக் கட்டை பொருத்தினார். வலது பெடலில் ஒரு தோல்வார். பாதத்தை அதில் நுழைத்துக்கொண்டால் கீழே போகும்போது மிதிக்கலாம், மேலே வரும்போது இழுக்கலாம். ஒரே காலில் சக்கரம் சுற்றும்.

அறுப்பு முடிந்த வயலில் பழகினாள். எத்தனை தடவை விழுந்தாள் என்று எனக்குக் கணக்கில்லை. விழுந்ததும் நாங்கள் ஓடுவோம், பொன்னன் இரண்டு கையையும் விரித்து மறிப்பார். அவள் கவிழ்ந்து படுத்து, கையை ஊன்றி, நேரம் எடுத்துக்கொண்டு தானே எழுவாள். ஒரு மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆனால் நாற்பது மிதி மிதித்தால் வரப்பு வந்துவிடும். இறங்கித் திருப்பி, மறுபடி நாற்பது.

வரப்பில்லாமல் ஓட்டவேண்டும் என்று அடிவாரத்துக்கு ஒரு நாள் போனார்கள். சேந்தமங்கலம் ரோட்டில் அரை மைல் போயிருப்பாள். எங்கள் மிளகு வாங்குகிற வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். "அய்யோ நம்ம தூளிக் கண்ணாயிடீ" என்று ஓடிவந்து, சைக்கிளை நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை அப்படியே தூக்கி, புளியமரத்தடியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அவள் மோரைக் குடிக்கவில்லை. மலைக்கு வந்து இரண்டு நாள் சோறும் தின்னவில்லை.

அந்தச் சமயத்தில், சிலோனில் மன்னாரில் மளிகைக்கடை வைத்திருந்து ஊருக்கு வந்திருந்த ஒருவர், பொன்னன் வேலை பார்த்த கடைக்கு டியூப் மாற்ற வந்தார். தலைமன்னார் துறைமுகத்திலிருந்து மன்னார் பட்டணம் பதினெட்டு மைல், நடுவில் முழ உயரத்துக்கு ஒரு மேடு கிடையாது, கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். பொன்னன் வந்து சொன்னதும் கண்ணாயி கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்க நம்மாளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்லை புள்ள."

"அப்ப போலாமுங்க."

எங்கள் மலையில் காரியம் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. சந்தை, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, சாவு, இவ்வளவுதான் காரியம். சும்மா போகிறோம் என்று சொன்னதும் ஊரே வந்து கேட்டது. சின்னுசாமிக்குக் கோபம், பன்னிரண்டு வருஷம் அவளை அதிகம் சுமந்தவன் அவன்தான்.

"உன்னையத் தூக்க ரெண்டு ஆளு வேணும். அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லாத எடத்துக்குத்தாண்ணா போறேன்."

"போ. ஆனா ஒண்ணு. போற வழியிலயோ வார வழியிலயோ ஒரே ஒரு தடவை ஒருத்தன் தூக்கினான்னு வெச்சுக்க, அந்தச் சைக்கிளை எங்கிட்டக் குடுத்துடோணும். அடிச்சு மண்வெட்டி பண்ணிக்கறேன். அப்புறம் கால் இல்லாத புள்ளையா அடங்கி உக்காந்திருக்கோணும்."

"குடுத்துடறேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். விளையாட்டுக்குச் சொன்ன பேச்சில்லை, இரண்டு பேரும் அப்படிப்பட்ட ஆட்கள்.

கடல் தாண்ட அப்போதே பாஸ்போர்ட்டு வேண்டும். சேலத்துக்குப் போய்ப் படம் பிடித்து, ஆபீசில் போய் நின்றார்கள். எழுதுகிறவர் கேட்டார்.

"எதுக்கும்மா போறீங்க?"

"சைக்கிள் ஓட்டங்க."

"அங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இல்லீங்க."

"தோட்டத்து வேலையா? கதிர்காமம் நேத்திக்கடனா?"

"அதும் இல்லீங்க."

"சைக்கிள் ஓட்டறதுக்குக் கப்பலேறிப் போவாங்களா? சேலத்துல ரோடு இல்லையா?"

"இருக்குதுங்க. ஆளுங்களும் இருக்குதுங்களே."

அவர் நல்ல மனிதர். கோயில் தரிசனம் என்று போட்டுக்கொள்கிறேன், சீக்கிரம் நடக்கும் என்றார். பொன்னனும் தலையாட்டிவிட்டார். கண்ணாயி ஒத்துக்கொள்ளவில்லை. "போகாத கோயிலுக்குப் போறேன்னு எழுதினா அந்தச் சாமி என்னையப் பத்தி என்னன்னு நெனைக்கும்?" என்று அங்கேயே நின்றிருக்கிறாள். அதனால் மூன்று நடை நடக்க வேண்டியதாயிற்று. கடைசியில் வேறொரு அதிகாரி, ஊர் சுற்றிப் பார்க்க என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கப்பலேறுவதற்கு வேண்டிய தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். டியூப், பம்பு, பஞ்சர் சாமான், வறுத்த சாமை மாவு, கயிறு எல்லாம் பொன்னன் சைக்கிளில். காகிதங்கள் அவள் இடுப்புச் சுருக்குப்பையில். மலை இறங்க அவளுக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. பிறகு பஸ், ரயில், தனுஷ்கோடியில் கப்பல்.

ராத்திரி தலைமன்னாரில் தங்கி, காலையில் புறப்பட்டார்கள். இரண்டு பக்கமும் மணலும் பனைமரமும். வழியில் கழுதைகள் கேட்பாரில்லாமல் நின்றன, ஒன்று ரோட்டை விட்டு நகரவே இல்லையாம், இவள்தான் சுற்றிப் போனாளாம். எதிரே வந்த ஆட்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலு மணி நேரத்தில் பதினெட்டு மைலையும் முடித்தாள். மன்னாரில் மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பின்கட்டில் தங்கி, அடுத்த இரண்டு நாளும் காலையும் மாலையும் ஓட்டினாள். அங்கே என்னதான் பார்த்தாய் என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுமில்லைக்கா. கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒண்ணுமே இல்லை. அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

திரும்புகிற நாளில்தான் தப்பு நடந்தது. கப்பல் காலை பத்து மணிக்கு. அன்றைக்கு ஏறாவிட்டால் அவர்களுக்குக் கொடுத்த நாள் முடிந்துபோகும், பிறகு என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எங்கள் மலையில் ஒரு ஊருக்கு இறங்க ஒரு நாழிகை என்றால், ஏற இரண்டு. போகிற நேரமும் வருகிற நேரமும் வேறு வேறு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும், அதற்குக் காரணம் மேடு. இங்கே மேடு இல்லை. அப்படியானால் போனதற்கு நாலு மணி, வருவதற்கும் நாலு மணி, காகிதம் பார்க்க ஒரு மணி. ஐந்து மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும். மலைக்காரர்கள் போட்ட கணக்கு அது. போகும்போது முதுகில் இருந்த வாடைக்காற்று, திரும்பும்போது முகத்துக்கு வந்து நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பாதி வழியிலேயே வெயில் ஏறிவிட்டது. பொன்னனுக்கு அவளைவிடத் திண்டாட்டம். ஊரில் எல்லாருக்கும் என்று பனையோலைப் பாய் ஏழு வாங்கிப் பின்னால் குறுக்காகக் கட்டியிருந்தார். அதில் காற்று மோதி, சைக்கிளைப் பின்னுக்கு இழுத்தது. இன்னும் ஐந்து மைல் இருக்கும்போது அவர் இறங்கிவிட்டார்.

"புள்ள, பாயெல்லாம் தூக்கிப் போட்டுடறேன். உன்ற சைக்கிளை இப்படி ஓரமா விட்டுட்டு எம் பின்னால உக்காரு. நான் ரெண்டு காலுல மிதிக்கறேன், போயிடலாம்."

"பின்னால உக்காந்தா அதுவும் என்னையத் தூக்கிட்டுப் போறதுதானே?"

"உங்கண்ணனுக்கு யாரு சொல்லப் போறாங்க?"

"நான் சொல்லுவேன்."

"கப்பல் போயிருமே."

"நீங்க மெதுவா வாங்க. காயிதம் எங்கிட்ட இருக்குது. நான் முன்னால போய்ச் சொல்லி வெக்கறேன்."

அவர் என்னவோ கத்தினாராம். காற்றில் கேட்கவில்லை என்பாள். கேட்டிருக்கும்.

அவள் துறைமுகத்துக்குப் போனபோது ஜனம் எல்லாம் கப்பலில் ஏறியாகிவிட்டது. மேசையில் இருந்த அதிகாரி இரண்டு பேர் காகிதங்களையும் பார்த்து, அவளுடையதில் மட்டும் முத்திரை குத்தினார்.

"மற்ற ஆள் எங்கை?"

"வாராருங்க."

"அவருக்காகக் கப்பல் நிக்காது. நீங்கள் கெதியா ஏறுங்கோ, ஏணியை எடுக்கப்போறாங்கள்."

"ஏறறேனுங்க" என்றாள்.

தனுஷ்கோடியில் ஏறும்போது சரிவாகப் பலகை போட்டிருந்தார்கள், ஊன்றியே ஏறிவிட்டாள். இங்கே படி, இருபதுக்கு மேல். சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் அவள் காலைப் பார்த்து உடனே ஓடிவந்தார்கள். "தொடாதீங்க" என்றாள். சைக்கிளைக் கீழேயே சாய்த்துவிட்டு, கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பை எக்கி, அடுத்த படியில் உட்கார்ந்தாள். நீட்டிய கால் படியில் இடிக்காமல் இழுத்து வைத்தாள். மூச்சு வாங்கினாள். பிறகு அடுத்த படி. ஏணியில் ஆள் இருக்கும்போது ஏணியை எடுக்க முடியாது. மேலே இருந்து ஒருவர் கத்தினார், கீழே அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கப்பல் சங்கு ஊதியது. அவள் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது.

ஒத்துப்போகாத இடம் இதுதான். வேண்டுமென்றே மெதுவாக ஏறினாள் என்பார் பொன்னன். என் வேகமே அவ்வளவுதான் என்பாள் அவள். நான் பலமுறை பலவிதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் அதையேதான் திருப்பிச் சொல்கிறார்கள்.

பதினைந்தாவது படியிலோ பதினாறாவது படியிலோ இருந்தபோது, பாய்க்கட்டோடு பொன்னன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அவள் மேசையில் விட்டுப்போயிருந்த அவர் காகிதத்தில் முத்திரை குத்தினார்கள். அதிகாரி பொறுமை இழந்து ஏணியைக் காட்டினார்.

"உங்கட பெண்சாதிதானே? தூக்கிக்கொண்டு ஏறுங்கோ. ஒரு நிமிஷ வேலை."

பொன்னன் மேலே பார்த்தார். அவளும் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது, புடவை முழுக்க ஏணிப்படியில் ஒட்டியிருந்த தார். அவர் ஒரு படி ஏறினால் கைக்கு எட்டுகிற தூரம் இல்லை, ஆனால் பதினைந்து படி ஓடிவிடுவது அவருக்குப் பெரிய காரியமும் இல்லை.

"அவ ஏறட்டுங்க" என்றார் அதிகாரியிடம். "அதுக்குள்ள நான் சைக்கிளைக் கட்டறேன்."

இரண்டு சைக்கிளையும் கப்பலில் ஏற்றத் தோதாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். அவர் கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தபோது, அவள் மேல்படியைத் தாண்டிக் கப்பல் தளத்தில் உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.