அடையாள அட்டையை மடியில் வைத்து ஆடியவர்

மாத்தளை டவுனில் தேத்தண்ணீர்க்கடை போட்டேன், வீடியோக்கடை போட்டேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கடையும் போட்டேன். நடமாடும் பிணங்களைச் சுடும் விளையாட்டு ஒன்று வந்தது. பத்திரிகைகளில் பாதிப்பேர் திட்டினார்கள். என் கடையிலோ உட்கார இடமில்லை.

யுத்த காலம். ஒருநாள் அதன் வெடிச்சத்தம் வீதிவரை கேட்டு, எதிரே சென்றிக் காவலில் நின்ற சிங்கள ஆமிக்காரர் துவக்கோடு உள்ளே பாய்ந்தார். எல்லோரும் கையைத் தூக்கினோம். மெலிந்த ஆள், தூக்கம் காணாத கண்கள். என் அடையாள அட்டையைப் பறித்தவர் திரையைப் பார்த்துவிட்டார். வாசலுக்கு முதுகு காட்டாமல் நாற்காலியைச் சுவரோடு இழுத்து, திரையைத் தன் பக்கம் திருப்பி, அட்டையை மடியில் வைத்து ஆடினார்.

"இது சரியில்லன்னு பேப்பர்ல எழுதியிருக்காங்க, மாத்தயா," என்றேன் பயத்தில்.

"எழுதின ஆளு சென்றியில நின்னது இல்ல, முதலாளி. இதுல யாரச் சுடணும், மூஞ்சி பாத்தாத் தெரியுது," என்றவர், என் மூஞ்சியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்டையைத் தந்தார்.

அந்தப் பார்வையின் அர்த்தம் இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் கூட்டாளிகளையும் கூட்டிவந்தார். அந்த விளையாட்டு உலகமெல்லாம் விற்றதாம். மாத்தளையில் ஆமிக்காரரையும் எங்கள் தமிழ் ஆட்களையும் ஒரே வாங்குப் பலகையில் உட்காரவைத்து அதை ஓட்டியவன் நான். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் என் பெயரையும் போடவேண்டும்.