லோஜினி போட்ட நட்சத்திரம்

"லோஜினி கம்பியூட்டர்ல பேச்சியம்மா பேர வெட்டிட்டு, அந்த எடத்துல தன்னோட மாமியாரப் போட்டுட்டாளாம்."

கண்டியில் இருக்கும் என் தங்கை நிரோஷினி தொலைபேசியில் இப்படித்தான் சொன்னாள். அவளுக்குச் சொன்னது தெல்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"எல்லாருந்தாண்ணே சொல்றாங்க. கண் ஆபரேசனுக்கு எடுத்த லிஸ்டாம்."

மெல்பேர்னில் என் சமையலறையில் நின்றபடி "அப்படியா" என்றேன். பேச்சியம்மாவின் பெயரை வெட்டியது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

லோஜினி எங்கள் தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. தெல்தோட்டைக்கு மேலே, நான் பிறந்த அதே தேயிலைத் தோட்டம். அவளுடைய கணவன் திலீபன், தான் வேலை செய்யும் கண்டிக் கடையில் கழித்துப்போட்ட பழைய கம்பியூட்டரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அது அலுமாரிக்குப் பக்கத்தில் துவாய் போர்த்தி இருக்கிறது. இடி இடித்தால் ஓடிப்போய் வயரைப் பிடுங்க வேண்டும்.

முதலில் பிள்ளைகளின் படங்கள். முந்நூறு படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றக் கை வலித்ததால், இணையத்தில் பார்த்துப் பார்த்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கம்பியூட்டர் தானாகச் செய்வதற்கான பத்துப் பதினைந்து வரிக் கட்டளை, அவ்வளவுதான். அது ஓடியது. ஆனால் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் போயின. இரண்டு வாரம் தனியாகப் போராடிவிட்டு எனக்கு எழுதினாள்: "அண்ணே, எம் பிள்ளைங்க எல்லாம் கேள்விக்குறி ஆகிட்டாங்க."

அன்றிலிருந்து நான் அவளுக்கு உதவுகிறவன். பழைய எழுத்துருவில் கிடந்த கோயில் கணக்கைப் புதிய எழுத்துக்கு மாற்றினாள். முன்பள்ளி வரவுப் பதிவைத் தானாகக் கூட்ட வைத்தாள். ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் தமிழில் குறிப்பு எழுதி வைப்பாள். "இதத் தொடாத. ஏன் ஓடுதுன்னு தெரியல" என்று ஒன்றில் எழுதியிருந்தாள். அதை என் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

பிறகு அந்தக் கண் சிகிச்சை முகாம். மூன்று பேர் வீடு வீடாகப் போய் எழுதிய பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருந்தன. ஒரே ஆள் இரண்டு தடவை, மூன்று தடவை இருந்தார். அடையாள அட்டை எண்ணைப் பாதிப்பேர் கொடுக்கவில்லை. லோஜினி எழுதிய ஸ்கிரிப்ட், பெயரும் விலாசமும் ஒன்றாக இருக்கும் வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் மட்டும் போடும். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக நடந்து, ஆளைப் பார்த்துக் கேட்டு வருவாள். அரைவாசி முடித்திருந்தாள்.

நான் குரல்செய்தி அனுப்பினேன். "லோஜினி, கம்பியூட்டர் இருக்கிறதே நடக்காம இருக்கத்தான். ரெண்டும் ஒண்ணா இருந்தா அழிச்சிடு. ஒரு வரி போதும், நான் எழுதித் தாறேன்."

"அழிக்கணுமாண்ணே? நட்சத்திரம் பத்தாதா?"

"பயப்படாத. எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க."

எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. பல லயங்கள் சேர்ந்த டிவிஷனுக்கே ஒரு விலாசம்தான். கடிதங்கள் எல்லாம் ஆபீஸில் குவிந்து கிடக்கும். இன்னொரு மோகனராஜுக்கு வந்த கடிதத்தை நானே ஒரு தடவை பிரித்திருக்கிறேன். கண்டிக்கு ஆங்கிலத்தில் படிக்கப் போன பிறகு, விலாசம் கேட்டால் சித்தி வீட்டு இலக்கத்தைத்தான் சொல்வேன். இதையெல்லாம் தெரிந்த நான்தான் பெயரையும் விலாசத்தையும் வைத்து ஆட்களை அழிக்கச் சொன்னேன்.

அழிந்த இருபத்தாறு வரிகளில் நான்கு உண்மையான மனிதர்கள். மேல் லயத்தில் ஒரு பேச்சியம்மா, கீழ் லயத்தில் ஒரு பேச்சியம்மா. இருவரின் கணவர் பெயரும் கறுப்பையா. ஸ்கிரிப்ட் முதலில் இருந்ததை வைத்துக்கொண்டு அடுத்ததை அழித்தது. முதலில் இருந்த மேல் லயத்துப் பேச்சியம்மா, லோஜினியின் மாமியார். லோஜினி தன் லயத்திலிருந்து டைப் செய்யத் தொடங்கியிருந்தாள்.

முகாமுக்குக் கூட்டிப்போக வேன் வந்த காலையில் கீழ் லயத்துப் பேச்சியம்மா நல்ல சேலை கட்டி, பையோடு வந்து நின்றார். ஒரு கண் ஏற்கனவே போய்விட்டது. பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் முன்னால் நகர்ந்தார்கள். லிஸ்டில் இருந்த வயது மாமியாருக்குத்தான் பொருந்தியது. "நான் செத்துட்டேன்னு எழுதிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாராம். அடுத்த முகாம் அடுத்த வருடம்.

நிரோஷினி வைத்ததும் லோஜினிக்குப் போன் எடுத்தேன்.

"அந்த வரி நான் குடுத்ததுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவாங்களாண்ணே? தேர்த் திருவிழா நோட்டீஸ்ல உங்க பேருக்குக் கீழ இஞ்சினியர்னு அடிச்சிருக்காங்க."

"அதுக்காக நீ ஏத்துக்கிறதா?"

"அமுக்குனது நான்தானே. நீங்க அங்க இருக்கீங்க, நான்ல பைப்படிக்குப் போகணும். நேத்து நான் கொடத்த வச்சதும் ரெண்டு பேரு தங்களோடத எடுத்துக்கிட்டுப் போனாங்க."

பிறகு சொன்னாள்: "ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்குக் கமிட்டி. பிள்ளைங்க வேலையிலருந்தும் என்ன நிப்பாட்டணும்னு ரெண்டு மூணு பேரு நிக்கிறாங்க."

"நான் கிருஷ்ணராஜ் அண்ணன்கிட்டப் பேசுறேன்." அவர்தான் தோட்டக் கமிட்டியின் செயலாளர். அந்த நோட்டீஸை அடித்தவரும் அவர்தான்.

"பேசுங்கண்ணே," என்றாள், ஆறிய தேநீரைக் குடிக்கச் சொல்வது போல.

மூன்று நாள் இருந்தது. அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில் ஒன்று எழுதினேன், இரண்டையும் அழித்தேன். சனிக்கிழமை லோஜினி ஒரு கோப்பு அனுப்பியிருந்தாள். நான் கொடுத்த வரி இருந்த இடத்தில் மறுபடி நட்சத்திரம். மேலே குறிப்பு: "சந்தேகம்னா காட்டு. அழிக்காத. போய்க் கேளு." என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இன்று ஞாயிறு. இங்கே பிற்பகல் மூன்றரை, அங்கே பதினொன்று. கூட்டம் முடிந்தபின் ஆறுதலாகப் பேசலாம் என்று மதியம் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். லோஜினியிடமிருந்து செய்தி வந்தது: "தொடங்கிட்டாங்க."

கிருஷ்ணராஜ் அண்ணனின் இலக்கத்தை அழுத்தினேன். மணி போய் நின்றது. மறுபடி அழுத்தினேன். அவர் கூட்டத்தில் போனைச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார், சத்தத்தைக் குறைத்திருப்பார். திலீபனுக்கு எடுத்தால் கொண்டுபோய்க் கொடுப்பானா? கொடுத்தாலும் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது?

மூன்றாவது தடவை. மணி போய்க்கொண்டே இருக்கிறது.