சும்மா இருக்கும் கோஷ்டி

சட்டை தைக்கும் பட்டறையில் இருபத்தெட்டு வருடமாகக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் காஜா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பொத்தான் நுழையும் துளையை வெட்டி, விளிம்பை நூலால் கட்டும் வேலை. சட்டைக்கு ஏழு துளை. துணியை நகர்த்து, மிதி, திருப்பு, மிதி. வாய் பக்கத்து மெஷின்காரியோடு ஊர்வம்பு பேசும். கை தன்பாட்டுக்கு ஓடும்.

அவள் கணவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மெதுவாகப் பேசவே வராத மனிதர் என்பதால் தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர்.

ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பட்டறைக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள் புதிதாக ஒரு கைவித்தை பழகினால் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்கப்போகிறார்களாம். காஜா அக்கா பெயர் கொடுத்தாள். "நானும் வர்றேன். எனக்கு மூளை இருக்குன்னு உனக்கு ஒரு அத்தாட்சியாவது கெடைக்கட்டும்" என்று ஹாரனும் கிளம்பிவிட்டார்.

இருவரையும் தனித்தனியே ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து, பாத்திரக்கடை இடிந்து விழுவது போன்ற சத்தத்துக்கு நடுவே தலையைப் படம் எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா, அவர்களுக்கு மகள் வயதுதான் இருக்கும், ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னார். ஹாரனுக்கு மூன்று பந்துகள் வந்தன. மூன்றையும் கீழே விடாமல் மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கப் பழக வேண்டும்; தினம் அரை மணி, மூன்று மாதம். காஜா அக்காவுக்கு வெறும் தாள்தான் வந்தது. புதிதாக எதுவும் பழகக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

"அப்போ நான் என்னதான் பண்ணணும்?"

"சும்மா இருக்கணும்மா. ஒப்பிட்டுப் பார்க்க அப்படியும் ஆள் வேணுமில்ல?"

"சும்மா இருக்கறதுக்கு இவரைப் போட்டிருக்கலாமே டாக்டரம்மா. நல்ல அனுபவம்."

சீட்டு சீட்டுதான் என்று சொல்லிவிட்டார்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஹாரன் மூன்று நாள் ஆர்ப்பாட்டமாகப் பழகினார். முதல் நாள் ஒரு பந்து தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. இரண்டாம் நாள் சுவர்க் கடிகாரம் நின்றது. மூன்றாம் நாள் ஒரு பந்து அவர் மூக்கையே பதம் பார்த்தது. நான்காம் நாள் பந்துகள் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயின. ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் மட்டும் 'அரை மணி' என்று தினமும் தவறாமல் எழுதிக்கொண்டே வந்தார்.

காஜா அக்கா அதைப் பார்த்தாள். பந்து கேட்பாரற்றுக் கிடப்பது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

தினமும் மாலை ஐந்தரைக்கு ஹாரன் டீக்கடைக்குப் போவார். ஏழுக்குமுன் திரும்ப மாட்டார். அவர் செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டியதும் இவள் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு முன்னால் நிற்பாள். விழும் பந்து மெத்தையில் விழட்டும், குனிந்து குனிந்து இடுப்பு ஒடிய வேண்டாம் என்று அவளே கண்டுபிடித்த ஏற்பாடு. ஒரு பந்து சுலபமாக வந்தது. இரண்டு, ஒரு வாரத்தில் படிந்தது. மூன்றாவதுதான் சண்டி. அதை மேலே எறியாமல் அடுத்த கைக்கு நைசாகக் கடத்திவிடவே கை பார்த்தது. "பித்தலாட்டம் பண்ணாதே" என்று தன் இடது கையையே அதட்டினாள்.

ஆறாவது வாரத்தில் ஒரு சாயங்காலம், ஏன் என்றே தெரியாமல், எல்லாம் கூடிவந்தது. கையைப் பார்க்காமல் மேலே பந்து திரும்பும் இடத்தை மட்டும் பார்த்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று. காஜா அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் மூன்றும் விழுந்தன.

மறுவாரம் பட்டறையில் மேஜையிலிருந்து உருண்ட நூல்கண்டை, பேச்சை நிறுத்தாமலே அந்தரத்தில் பிடித்தாள். பக்கத்து மெஷின்காரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்று மாதம் முடிந்து மறுபடி குழாய், மறுபடி படம். அடுத்த வாரம் இருவரையும் பந்துகளோடு வரச்சொன்னார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் படம் எடுத்தவர் முகம் வெளுத்து நின்றார்.

"பேரை மாத்திப் போட்டுட்டீங்க. பந்து பழகினவர் மூளை அப்படியே இருக்கு. சும்மா இருந்தவங்க மூளையில மாற்றம் தெரியுது. எப்படி?"

"இல்ல மேடம், ரெண்டு தடவை சரிபார்த்தேன்..."

ஹாரன் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். காஜா அக்காவுக்கு முதலில் உள்ளூரக் குதூகலமாகத்தான் இருந்தது. ஆனால் படம் எடுத்தவர் மூன்றாம் தடவையாகப் பெயர்களைச் சரிபார்க்கக் குனிந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"அவரைத் திட்டாதீங்க டாக்டரம்மா. பேரு சரியாத்தான் இருக்கு. ஆளுங்கதான் சரியில்ல."

பையிலிருந்து மூன்று பந்தையும் எடுத்து எறிந்து பிடித்துக் காட்டினாள். முப்பது எண்ணுவதற்குள் அறையில் எல்லோர் வாயும் திறந்துவிட்டது. அகலமாகத் திறந்தது ஹாரனுடையது.

"அடிப்பாவி! எப்போ?"

"நீங்க டீ குடிக்கப் போனப்போ."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் காட்டுங்க." ஹாரன் பந்தை வாங்கினார். இரண்டாவது பந்து பேனா டப்பாவைக் கவிழ்த்தது. கோபமாக இருக்க வேண்டிய டாக்டரம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துவிட்டார்.

பிறகு திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "நகர்ற பொருளைக் கண்ணு தொடர்றதுக்கு உதவற இடம் இது. இங்க துளியூண்டு பெருத்திருக்கு. நீங்க தவறவிட்டுத் தவறவிட்டுப் பழகினதுதான் காரணமா இருக்கும்."

காஜா அக்கா பின்மண்டையைத் தடவிப் பார்த்தாள். "கனமா ஒண்ணும் தெரியலையே."

இருவர் பெயரையும் ஆராய்ச்சியிலிருந்து அடித்துவிட்டார்கள். "மூணு மாசம் பந்தையே தொடாம இருந்துட்டு வாங்களேன், பழையபடி இளைக்குதான்னு எனக்காகப் பார்க்கறேன்" என்று டாக்டரம்மா ஆசையாகக் கேட்டார். வாக்குக் கொடுத்துக் காப்பாற்றும் சுபாவம் தனக்கு இல்லை என்று காஜா அக்கா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அதன்பின் ஆராய்ச்சியில் சேரும் படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: ஒரே வீட்டிலிருந்து இருவர் சேர்க்கப்பட மாட்டார்கள்.

ஹாரன் பிற்பாடு நிஜமாகவே பழகிக்கொண்டார். ஐந்து மாதம் பிடித்தது. அதற்கப்புறம் தன் மூளையை யாரும் படம் எடுக்கவில்லையே என்று அவருக்கு இன்றுவரை மனக்குறை.