குளத்துக்குப் பாதி வெல்லம்

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் குளத்து மீன்களுக்குச் சர்க்கரை வியாதி இல்லாமல் இருக்காது. அமாவாசை வந்தால் திருவள்ளூரில் நிற்கிற ரயில் எல்லாம் கூட்டத்தை இறக்கிவிடும். வருகிறவர்கள் குளத்தில் வெல்லத்தைப் போடுவார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. வயிற்றுவலி, மூட்டுவலி, தோல் அரிப்பு என்று எத்தனையோ கரைந்த குளம். தை அமாவாசையன்று அம்மா என்னையும் அங்கே கூட்டிப்போனாள்.

அதற்கு முந்தின வாரம்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். எனக்குப் பெண் பார்க்க வேண்டாம், பொன்னேரியில் ஒருவர் இருக்கிறார், அவர் ஆண் என்று. அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்தாள். வெல்லம் கரைந்தது. நான் கரையாமல் முழுசாக வீடு வந்து சேர்ந்தேன், ஜலதோஷத்தோடு.

அதன்பிறகு அம்மா யோசிக்க ஆரம்பித்தாள். எனக்கு எப்போதும் பயம் அதுதான். டிவியில் ஒரு திருநங்கை பேசியதை உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். காக்களூரில் நான் வேலை செய்கிற கம்பெனியில், பேக்கிங்கில் ஒரு திருநங்கை இருப்பதையும் நான் சொல்லியிருந்தேன். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கட்டிலில் ஒரு புதுப் புடவை இருந்தது. மாம்பழ நிறம், சிவப்புக் கரை.

“நீ எப்டி இருந்தாலும் என் வயித்துல பொறந்ததுதான் நைனா,” என்றாள். “கட்டிக்கினு வா, பாக்குறேன்.”

சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய மனசு, ஆனால் தப்பான விலாசத்துக்கு வந்திருந்தது. நான் ஆம்பளைதான், ஆம்பளையாகவே இருக்கத்தான் எனக்கு இஷ்டம் என்றேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

“அப்ப இன்னாத்துக்கு ஆம்பளைய புடிக்குதுன்ற?”

மகள் என்றால் ஏற்றுக்கொள்ளத் தயார். ஆணை விரும்புகிற மகன் என்றால் முடியாது. அன்றிலிருந்து தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளுக்கு நான் மகனாகவே இருக்க வேண்டும், அதற்காகப் பொய் சொல்லவும் கூடாது. நான் கேட்டது அவ்வளவுதான்.

டீ நேரத்தில் பேக்கிங் தோழியிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். கம்பெனியில் எங்கள் இருவரையும் கேலி செய்வது ஒரே கும்பல். அவளை இன்னும் ஆம்பளைதான் என்பார்கள், என்னை ஆம்பளையே இல்லை என்பார்கள். எது ஆம்பளை என்று அவர்களும் ஒரு முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. சிரித்து முடித்துவிட்டு அவள் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். எவனோடு வேண்டுமானாலும் இரு, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு இரு, புடவை மட்டும் கட்டாதே என்று சொன்னவள் அவள் அம்மா. இவள் கட்டினாள், அந்த வீட்டுக் கதவு அதோடு மூடிக்கொண்டது.

“நாம ரெண்டு பேரும் ஊடு மாறிப் பொறந்துட்டோம்டா,” என்றாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா காபி கொடுத்தாள். கையோடு எனக்குப் புடவை கட்டக் கற்றுக்கொடுக்கவும் சொல்லிவிட்டாள்.

“நான் பொண்ணும்மா, அதான் பொடவ கட்டுறேன்,” என்றாள் தோழி. “இவன் ஆம்பள. இவனுக்குப் புடிச்சதும் ஒரு ஆம்பள. அதுக்கு இவன் இன்னாத்துக்கு பொடவ கட்டணும்?”

அம்மா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பொண்ணுன்னா நாலு பேர் கேட்டா ஒரு வார்த்த சொல்லிப்பேன். இத இன்னான்னு சொல்றது?”

தோழி கிளம்பும்போது அம்மா அந்த மாம்பழப் புடவையைக் குங்குமத்தோடு அவளுக்கு வைத்துக் கொடுத்தாள். ஊட்டுக்கு வந்த பொண்ணு வெறுங்கையோடு போகக் கூடாதாம். சொந்த அம்மா கையால் ஒரு புடவை வாங்காதவள் அவள். பஸ் ஸ்டாப் வரை அழுதுகொண்டே வந்தாள். சிரிக்க வைக்க நான் படாத பாடு பட்டேன்.

அடுத்த அமாவாசைக்கும் வெல்லம் வந்து இறங்கியது. நான் வரமாட்டேன் என்று கத்தினேன். அம்மா தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது பையில் பாதி வெல்லம் மிச்சம் இருந்தது. அதை உடைத்துச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். வாசனை வந்தும் என் கோபம் தணியவில்லை. குளத்தில் போட்ட பாதி என்னைக் கரைக்கத்தானே என்று கேட்டேன்.

“அது உனக்கு இல்ல நைனா. எனக்கு,” என்றாள். “இன்னும் முழுசா கரையல.”

பொங்கலை ஒரு தூக்குவாளியில் போட்டு, மூடியை அழுத்தி என் பக்கம் தள்ளினாள்.

“பொன்னேரிக்கு எடுத்துக்கினு போ. ஆறிடப் போவுது.”