பசை மாவு

எம். புதுப்பட்டியில் செல்லத்தாயைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? அறுபத்தி நாலில் கிணறு வற்றி, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது புருஷன் கோட்டைச்சாமி அண்ணாந்து மேகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவள் சிவகாசிக்கு பஸ் ஏறினாள். ஒரு தீப்பெட்டிக் கம்பெனி வாசலில் பொழுது சாயும்வரை நின்று, பெட்டி ஒட்டிக் கொடுக்கிற ஆர்டரை வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

மெல்லிசாகச் சீவிய மரச்சில்லு, நீலத்தாள், பசை காய்ச்ச மைதா இவற்றைக் கம்பெனி கொடுக்கும். வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தால், பெண்கள் சில்லை மடித்துத் தாளைச் சுற்றி ஒட்டி, வெயிலில் காயவைத்துக் கூடையில் கொண்டுவருவார்கள். வண்டி கட்டிக் கம்பெனியில் சேர்ப்பது செல்லத்தாய் பொறுப்பு. கணக்குப்பிள்ளை அய்யாதுரை கறாராகச் சொல்லியிருந்தார்.

"தை வரைக்கும் பார்ப்பேன். பெட்டி திருத்தமா வந்தா சுத்துப்பட்டி அம்புட்டுக்கும் நீங்கதான். இல்லேன்னா ஏழாயிரம்பண்ணையில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காக."

அது கைவிட்டுப் போனால் அவளும் எவளோ ஒருத்தியிடம் கூலிக்குச் சில்லு மடிக்க வேண்டியதுதான். நிலத்தில் நாலு பேருக்கு வேலை கொடுத்த சம்சாரி வீட்டுப் பெண், அதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தாள். நினைப்புக்கு என்ன, சாவது வேறு ஆள்தானே.

முதல் லோடு போனது. அய்யாதுரை ஒரு பெட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பிரிந்துகொண்டது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படித்தான்.

"பசை வச்சு ஒட்டுனாகளா, எச்சியத் தொட்டு ஒட்டுனாகளா?"

கம்பெனியில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். செல்லத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாவு எங்கே போனது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ரேஷன் கடையில் அரிசி வந்தால் அடிதடி நடந்த காலம். கொடுத்த மைதாவில் பாதி பசையானது, மீதி கூழாகிப் பிள்ளைகள் வயிற்றுக்குள் போனது. செல்லத்தாய் வீட்டுக் குதிரில் அப்போதும் கம்பு இருந்தது. வீட்டுக்கு ஒரு படி அளந்திருந்தால் மாவு தப்பியிருக்கும். அந்த யோசனை அவளுக்கு வரவே இல்லை. வந்த யோசனை வேறு.

மாட்டுக் குளம்புப் புண்ணுக்கு வைக்கிற மயில்துத்தம், நீலக் கற்கண்டு மாதிரி, தொழுவத்தில் கிடந்தது. அதை நுணுக்கி மைதாவில் கலந்தாள். ஒளிக்கவெல்லாம் இல்லை, எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள்.

"துத்தம் போட்டிருக்கேன். பசையில பூச்சி விழாது. தின்னா குடலு வெந்துபோகும், அம்புட்டுத்தான்."

கொஞ்ச நாள் பெட்டி கெட்டியாக வந்தது. பிறகு மறுபடியும் பிரிய ஆரம்பித்தது. தெருவில் நீலத்தண்ணீர் ஓடுவதைப் பார்த்து, அதன் தடத்திலேயே போனாள். அது மாரித்தாய் வீட்டு வாசலில் போய் நின்றது.

மாரித்தாய் கோட்டைச்சாமிக்கு ஒன்றுவிட்ட தங்கை. புருஷனைப் பறிகொடுத்தவள், மூன்று வயதில் இருளாயி என்று ஒரே மகள். மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நின்ற நீலத்தை இறுத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். நீலம் கண்ணுக்கு மறையும்வரை கரைத்துக் கரைத்து இறுத்தால், அடியில் தங்குவதைக் கூழாகக் காய்ச்சலாம். களிம்பேறிய பாத்திரத்தின் வாடை அடிக்கும், ஆனால் குடிக்கலாம். அவளைப் பார்த்து ஊரே அந்த வித்தையைக் கற்றிருந்தது.

"ஏத்தா மாரி, என் தொழில்ல மண்ணள்ளிப் போடுதியே, நல்லாயிருப்பியா?"

"பிள்ளை பசிக்குச் செவுத்தை நக்குது மதினி. ஒரு பிடி கம்பு குடுங்க. பெறகு மாவுல கை வச்சா கையை வெட்டுங்க."

"கம்புக்கா எங்கிட்ட வேலைக்கு வந்தே? பெட்டிக்கில்ல வந்தே."

செல்லத்தாய் அதோடு வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாளிலிருந்து மாவு கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். தன் வீட்டிலேயே பெரிய அண்டாவில் துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, காலையில் சட்டி சட்டியாக ஊற்றினாள். காய்ச்சிய பசையை எவளாலும் கழுவ முடியாது. பெட்டிகள் கல் மாதிரி நின்றன. அய்யாதுரை வாய்விட்டுப் பாராட்டினார். அன்றைக்குத்தான் தொழில் பிடிபட்டது என்று செல்லத்தாய் மகிழ்ந்துபோனாள்.

தையில் கடைசி லோடு. வண்டியில் கூடைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கயிறு போட்டாகிவிட்டது. மதியத்துக்குள் சேர்க்க வேண்டும். மாரித்தாய் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் பிள்ளை பசைச் சட்டியை வழித்துத் தின்றிருக்கிறது. வேறு பிள்ளை என்றால் வாடைக்கே துப்பியிருக்கும். இது மாசக்கணக்கில் அந்த வாடையிலேயே கூழ் குடித்து வளர்ந்த பிள்ளை. வாயோரம் நீலமாக நுரை தள்ளியிருந்தது.

"வண்டியைக் குடுங்க மதினி, ஆசுபத்திரிக்கு ஓடணும்."

"கூடையை இறக்க எங்கத்தா நேரம்? வண்டி சிவகாசிக்குத்தான போகுது, ஏறு."

கோட்டைச்சாமி மாட்டைச் சாட்டையால் விளாசினான். வண்டி குலுங்கியது, கூடைகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன.

"மெதுவா ஓட்டுங்க, லோடு சரியுது."

புருஷன் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகத்தான் ஓட்டினான். ஊரின் சாயங்காலப் பேச்சில் அவனை நல்லவன் என்பார்கள், எனக்கு அது ஒப்பவில்லை.

பாதி வழியில் பிள்ளை முனகுவது நின்றது. மாரித்தாய் அதன் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். செல்லத்தாய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அழுதாள், அது பொய் அழுகை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்: "ஆசுபத்திரி இனி எதுக்கு? கம்பெனிக்கு விடுங்க, கதவைப் பூட்டிருவாக."

மாரித்தாய் பிள்ளையை மடியில் வைத்தபடி கம்பெனி வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். கூடைகள் அவளைச் சுற்றி ஒவ்வொன்றாக இறங்கின. உள்ளே அய்யாதுரை பெட்டியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிரியவில்லை. சுற்றுப்பட்டி ஆர்டர் முழுவதும் செல்லத்தாய்க்கு என்று முடிவானது.

ஊரில் ஒரு வாய் திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் சில்லு கிடைக்காது. பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாள் காலையில், பசை வாங்க நின்ற பெண்களோடு மாரித்தாயும் சட்டியோடு வந்து நின்றாள். அவளுக்கும் வேறு பிழைப்பு இல்லை.

செல்லத்தாய் அகப்பையை அண்டாவில் விட்டுக் கலக்கியபடி, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"பிள்ளை இருக்கிற வீட்ல பசைச்சட்டியை உறியில தூக்கி வைங்க. இனிமே கீழ வைக்கக் கூடாது."

பெண்கள் தலையாட்டினார்கள். மாரித்தாய் சட்டியை நீட்டி வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டில் உறி தேவைப்படவில்லை.